பாட்டு யார் வாயில்?

பாட்டு கெட்டுப்போய்விட்டது என்று சொல்வதற்கு எங்கள் மலையகப் பக்கத்தில் ஒரு வயது உண்டு. மூக்கில் கண்ணாடி ஏறும் வயதுதான் அதுவும். நான் அதைத் தாண்டி வெகுகாலமாகிறது. போதாததற்கு ஓய்வு பெற்ற டீச்சர். ஆகவே ஹட்டன் சந்தைக்குப் போனாலும் சரி, திக்கோயாவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். "இந்தப் பிள்ளைக கேக்குற பாட்டக் கேட்டீங்களா டீச்சர்? ஒரு வார்த்த வெளங்குதா? ஒரே கத்தல், குடி, வெட்டு, குத்து. நம்ம காலத்துப் பாட்டுல ஒரு ஒழுக்கம் இருந்துச்சு." நான் ஆமாம் போடுவேன் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துச் சமாளித்துவிடுவேன்.

இந்தக் குறைக்கு நீண்ட வம்சாவளி இருக்கிறது. காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்கள் ரேடியோவைத் திட்டினார்கள். ரேடியோவில் வளர்ந்தவர்கள் கெசட்டைத் திட்டினார்கள். கெசட்டில் இளையராஜாவைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டவர்கள் இன்று போனைத் திட்டுகிறார்கள். முப்பது வருஷம் கழித்து, இன்று ஹெட்செட்டோடு அலையும் பையனும் தன் மகனைத் திட்டத்தான் போகிறான். இந்தச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. பாட்டின் வார்த்தை நல்லதா கெட்டதா என்பதைவிட, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இன்று வாய் திறந்து பாடுகிறவர் யார் என்பதுதான் என்னை அரிக்கிறது.

முதலில் அந்த ஒழுக்கமான பழைய பாட்டைப் பார்ப்போம். நான் பிறந்த தோட்டம் பொகவந்தலாவைப் பக்கம். கொழுந்து மலையில் பாட்டுச் சத்தம் கேட்டே வளர்ந்த கடைசித் தலைமுறை நாங்கள்தான் என்று நினைக்கிறேன். இடுப்பில் படங்கைச் சுற்றி, தலைக்கயிற்றில் கூடையை மாட்டி, நிரை நிரையாக நிற்கும் பெண்களில் ஒருத்தி ஓர் அடி எடுத்துவிடுவாள். இரண்டு நிரை தள்ளி இன்னொருத்தி பதில் கொடுப்பாள். மெட்டு தாத்தா காலத்தில் திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து வந்தது. வார்த்தை அன்றைக்குக் காலையில் பிறந்தது. கங்காணி யார் வீட்டுப் பக்கம் அடிக்கடி போகிறான், கணக்கப்பிள்ளை யாருடைய நிறுவையில் கை வைத்தான், புதுத் துரையின் குதிகால் எப்படி வழுக்கியது, எல்லாம் அதில் வரும். ஒழுக்கம் தேடி அந்தப் பாட்டுகளுக்குள் போகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கும். சடங்கு வீட்டுக் கும்மியில் மாமன்மாரைப் பற்றிப் பெண்கள் பாடியதை நான் இங்கே எழுதினால் இந்தப் பத்திரிகை அச்சுக்குப் போகாது.

சி. வி. வேலுப்பிள்ளை அவற்றில் ஒரு பகுதியைத் தேடிச் சேர்த்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் புத்தகமாக வந்தது. மடக்கும்புர தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர், அடுத்த வருஷமே வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தில் தன் சனம் முழுவதும் நாடற்றவர்களாவதைப் பார்த்தவர். அப்படிப்பட்டவர் கொழுந்துப் பாட்டையும் தாலாட்டையும் எழுதிவைக்க நேரம் ஒதுக்கியதை நான் சாதாரணமாக எடுப்பதில்லை. வாக்குரிமை போன சனத்துக்கு வாயாவது மிஞ்சியிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த வாய் பெரும்பாலும் பெண்ணுடைய வாய்.

என் அப்பாயி ஒப்பாரி கட்டுவதில் பேர் போனவர். எந்த லயத்தில் எழவு விழுந்தாலும் அவருக்கு ஆள் வரும். ஒப்பாரி என்றால் அழுகை என்று நினைக்கிறவர்கள் அப்பாயியைக் கேட்டதில்லை. செத்தவரின் பெருமையில் தொடங்கி, பிறந்த வீட்டுச் சீரில் இறங்கி, அங்கிருந்து மெல்ல மருமகளின் கைச்சிக்கனத்துக்குப் போய், கடைசியில் செத்தவரின் தம்பி வாங்கிப்போன பித்தளை அண்டாவை இன்னும் திருப்பித் தராத விஷயத்தில் வந்து நிற்பார். தம்பிக்காரன் அங்கேயே இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பான். எழுந்து போகவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது. ஒப்பாரிக்கு ஆம்பிளை பதில் சொல்கிற வழக்கமில்லை. கருமாதிக்கு முன்னால் அண்டா வந்து சேரும். பஞ்சாயத்தில் பெண்ணுக்கு இடமில்லாத காலத்தில் ஒரு கிழவிக்குக் கிடைத்த மேடை அது.

ஆண்களிடம் இருந்தது தப்பு. அதன் கதை வேறு. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்குக்கு, கூப்பிட்டதும் தப்புத்தான், சாமி ஊர்வலத்துக்கு முன்னால் போனதும் தப்புத்தான், பாடைக்கு முன்னால் போனதும் அதுதான். அடிக்க வேண்டியது இன்ன சாதி என்று எழுதாத சட்டம் இருந்தது. தப்படிக்கிறவனின் கை பறந்தாலும் மனசு பறந்ததா என்பது வேறு கேள்வி. அவனுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் முதலில் கீழே வைத்தது அந்தத் தப்பைத்தான். அதில் நியாயம் இருந்தது. இன்று அதே தப்பை, யார் பிள்ளை என்று கேட்காமல், மேடையில் எங்கள் அடையாளம் என்று தோளில் மாட்டுகிறார்கள். சில இடங்களில் பெண்பிள்ளைகளும் மாட்டுகிறார்கள். இளைஞர்கள் மதிப்புகளைத் தொலைத்துவிட்டார்கள் என்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. தப்படிக்கிற கையைத் தொடாத காலத்தில் இருந்ததும் ஒரு மதிப்புத்தானே? அது தொலைந்ததற்கு யார் அழப்போகிறார்கள்?

வெளியிலிருந்து வந்த மெட்டுதான் நம் பாட்டைக் கெடுத்தது என்று இன்னொரு கட்சி. இதற்கும் பழைய பதில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வந்து 1931இல் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கட்டினார் கோ. நடேசய்யர். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாடினார். பேச்சுக்கு வராத பெண்களும் பாட்டுக்கு வந்தார்கள். 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று பாட்டுப் புத்தகமும் போட்டார். அந்தக் காலத்தில் சனங்களுக்குப் பழக்கமான மெட்டில், சினிமா மெட்டு உட்பட, சம்பளத்தையும் உரிமையையும் வைத்துப் பாடுவதுதான் முறை. மெட்டு இரவல் என்று யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. ஒரு பெண் பொது மேடையில் நின்று துரைமார் காதில் விழும்படி பாடுகிறாள் என்பதுதான் செய்தி. எண்பத்தைந்து வருஷம் முன்னால் நடந்த அந்தக் காரியத்துக்கு நிகராக இன்றைக்கு ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் திணறிப்போவேன்.

பிறகு ரேடியோ வந்தது. அதைப் பற்றி நான் குறை சொல்லிவிட முடியாது; இலங்கை வானொலியின் பொங்கும் பூம்புனலைக் கேட்டுக்கொண்டுதான் எங்கள் வீட்டில் ரொட்டி சுட்டார்கள். மயில்வாகனத்தின் குரலை அப்பா சாமி குரல் மாதிரிக் கேட்பார், கே. எஸ். ராஜா பேசும் வேகத்தை என் அண்ணன் குளிக்கும்போது பீலிக்கரையில் பழகுவான். அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டு நேரத்தில் லயத்தில் சண்டைகூட நிற்கும். ஆனால் ஒன்று நடந்தது. அதுவரை எங்கள் வீட்டுப் பெண்கள் பாட்டைக் கட்டினார்கள். ரேடியோ வந்த பிறகு பாட்டை மனப்பாடம் செய்தார்கள். சுசீலாவைவிட நன்றாகப் பாடினால் ஒழிய வாய் திறக்கக் கூடாது என்று ஒரு கூச்சம் வந்து உட்கார்ந்தது. அப்பாயிக்குச் சுருதி என்றால் என்னவென்று தெரியாது. அது தெரிந்த அத்தை, சமையல்கட்டுக்கு வெளியே பாடவேயில்லை.

1970களில் வந்த ஈழத்துப் பொப் பாடல்கள் எங்களுக்கு ஒரு திருவிழா. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி', நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'. பைலாத் தாளம், கிற்றார், நடுவில் சிங்களம், வாயைத் திறந்த சிரிப்பு. சங்கீத வித்துவான்கள் முகம் சுளித்தார்கள். அதனாலேயே எங்களுக்கு இன்னும் பிடித்தது. 'சுராங்கனி' கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய், 1977இல் இளையராஜா இசையில் சினிமாப் பாட்டாகவும் ஆனது. இலங்கைத் தமிழ் இளைஞன் இந்தியாவிலிருந்து வருவதை வாங்கிக் கேட்பதோடு நில்லாமல் தானே ஒன்றைச் செய்து அனுப்ப முடியும் என்று காட்டிய காலம் அது. அந்தப் பெருமையை யாரும் குறைக்க முடியாது.

ஆனால் அதே காலத்தில் மலையில் நடந்ததை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. தோட்டங்கள் அரசுடைமையானதும், மாவும் அரிசியும் இல்லாமல் சனம் காய்ந்ததும், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியப் பாஸ்போர்ட் வந்தவர்கள் கூட்டம் கூட்டமாகத் தலைமன்னார் கோச்சி ஏறியதும் அப்போதுதான். ஹட்டன் ஸ்டேஷனில் பெட்டி படுக்கையோடு ஒரு குடும்பம் ஏறும், பாதிக் குடும்பம் கீழே நிற்கும். உயிரோடு இருக்கிறவர்களைப் பிடித்துக்கொண்டு பெண்கள் ஒப்பாரி வைத்ததை அங்கேதான் கேட்டேன். ஸ்டேஷனுக்கு வெளியே கடை ரேடியோவில் பொப் பாட்டு துள்ளிக்கொண்டிருக்கும். அந்தப் பொப் பாட்டு யாழ்ப்பாணத்து மாமியையும் கொழும்பு மீன்காரனையும் அறியும்; கோச்சி ஏறிய எங்களை அறியாது. கோச்சியோடு போன ஒப்பாரியையோ எந்த இசைத்தட்டும் அறியாது. கம்பெனிக்காரர்களுக்கு அது பாட்டாகவே பட்டிருக்காது.

அதன் பிறகு மலையில் பெண்களின் பாட்டு ஏன் அடங்கியது என்பதற்குக் காரணங்கள் பல. பள்ளிக்கூடம் போன பெண்ணுக்கு ஒப்பாரி வெட்கம். எழவு வீட்டுக்கு ஒலிபெருக்கி வந்தது; தேவாரமோ சினிமாச் சோகப் பாட்டோ அதுவே அழுதுவிடுகிறது. மலையில் ஒரு நாள் பேருக்கு 18 கிலோ என்று நிறுவையை ஏற்றிய பிறகு, கை போகிற வேகத்தில் பாட்டு எங்கே வரும்? 1980களிலிருந்து தாய்மார் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். பிள்ளைக்குத் தாலாட்டு, குவைத்திலிருந்து போனில், அதுவும் அங்குள்ள எசமானியம்மா தூங்கிய பிறகு. இதில் எதையும் இன்றைய இளைஞர்கள் கேட்கும் பாட்டின் தலையில் கட்ட முடியாது.

இப்போது அந்தப் பிள்ளைகளுக்கு வருகிறேன். 2018 அக்டோபர் 24ஆம் திகதி காலிமுகத்திடலில் கறுப்புச் சட்டையோடு ஆயிரக்கணக்கில் கூடினார்களே, ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு, அவர்களில் பெரும்பாலானவர்கள் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள். பேஸ்புக்கில் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள்; எந்தத் தொழிற்சங்கமும் லொறி பிடித்துக் கொண்டுவந்து இறக்கவில்லை. அந்தத் தலைமுறைக்கு ராப் கையில் கிடைத்தது. கொழும்பில் கிருஷான் மகேசன் 2000களின் நடுவிலேயே தமிழில் ராப் செய்து வழி காட்டியிருந்தார். லண்டனில் மாதங்கி அருள்பிரகாசம் எம்.ஐ.ஏ. என்ற பெயரில், அகதியின் வாயிலிருந்தும் உலகப் பாட்டு வரும் என்று 2005இலேயே காட்டிவிட்டார். போன் ஒன்று, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தாளம் ஒன்று, லயத்துக் கொல்லையில் கரியடுப்புப் புகை தெரிய ஒரு வீடியோ. என் பக்கத்து லயத்துப் பையன்கள் அப்படித்தான் செய்கிறார்கள். பாட்டிலே யாப்பு இல்லை, சந்தம் பாதி வழியில் நொண்டுகிறது, இங்கிலீஷ் தேவைக்கு மேல். ஆனாலும் நான் அவர்கள் பக்கம். நாற்பது வருஷம் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்த லயத்தில் மறுபடி யாரோ பாட்டுக் கட்டுகிறார்கள். தோட்டக்காட்டான் என்று மற்றவர்கள் வைத வசையை எடுத்து, ஆமாம் நான்தான் என்று மைக்கில் கத்துகிறார்கள். பழைய பாட்டில் "நாங்க" இருந்தது, இப்போது "நான்" மட்டுமே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஓர் எண்ணாக இருந்தவனுக்கு "நான்" என்று சொல்ல ஒரு மேடை வேண்டும் என்பதுதான். வயிறு நிறைந்தவர்கள் அதற்குத் தன்முனைப்பு என்று பெயர் வைக்கலாம்.

குடியும் கத்தியும் இல்லையா என்றால் இருக்கிறது. சினிமாவிலிருந்து வந்து ஒட்டியது அது. அவர்களுக்கே சில நாளில் சலிக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு உறுத்துவது அதைவிடச் சத்தமில்லாத ஒன்று. அந்தப் பாட்டுகளில் வரும் பெண்கள் இரண்டே பேர். ஏமாற்றிவிட்டுப் போன காதலி. கூடை சுமக்கும் அம்மா. காதலிக்குத் திட்டு கிடைக்கிறது. அம்மாவுக்குக் கும்பிடு. அம்மாவின் காலில் அட்டை கடித்த இரத்தம், அம்மாவின் கண்ணீர், அம்மாவின் வெடித்த கை. கேட்டால் யாருக்கும் தொண்டை அடைக்கும், எனக்கும் அடைத்தது. ஆனால் அந்த அம்மா ஒரு வார்த்தை பேசுவதில்லை. நிறுவையில் கை வைத்த கணக்கப்பிள்ளையை மலையிலேயே பாட்டில் கிழித்தவள், அண்டாவைத் திருப்பி வாங்கித் தந்தவள், இப்போது வீடியோவின் ஓரத்தில் மெதுவாக நடந்துபோகிறாள். பாடிக்கொண்டிருந்தவளைப் பற்றி இப்போது பாடுகிறார்கள். மதிப்பு மாறிவிட்டது என்று எதையாவது சொல்வதானால் நான் இதைத்தான் சொல்வேன்.

2021 மார்ச்சில் 'எஞ்ஜாயி எஞ்சாமி' வந்தபோது இதே கேள்வி உலக அளவில் எழுந்தது. ஆனால் வேறு சத்தத்தில் அது அமுங்கிப்போனது. தெருக்குரல் அறிவு அந்தப் பாட்டுக்கு மூலம் தன் பாட்டி வள்ளியம்மாளின் கதை என்று சொன்னார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, கையளவு நிலம்கூட இல்லாமல் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய சனத்தில் ஒருவர் வள்ளியம்மாள். ஹட்டன் ஸ்டேஷனில் நான் பார்த்த கோச்சிகளில் ஒன்றில் போனவர்களின் பேரன் எழுதிய பாட்டு என்றுதான் என் மனசு எடுத்துக்கொண்டது. அறிவு, 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் வளர்ந்தவர். பறையும் கானாவும் ராப்பும் ஒரே மேடையில் சாதியைப் பேசிய குழு அது. 'எஞ்சாமி'யில் ஒப்பாரி கேட்கிறது, கும்மி கேட்கிறது. பாடகி தீ பாடுகிறார், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். கோடிக்கணக்கில் பார்த்தார்கள். இங்கே தோட்டத்துக் கல்யாணங்களில் அதற்கு ஆடாத கிழவி இல்லை.

பிறகு வந்த சண்டை எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் அறிவு இல்லை. 2022இல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் திறப்பு விழாவில் அந்தப் பாட்டு அவர் இல்லாமல் ஒலித்தது. எழுதியவன் யார், மெட்டுப் போட்டவர் யார், பணம் எங்கே என்று பெரிய பெரிய ஆட்கள் பேசினார்கள். தலித் கலைஞனின் பெயரை எவ்வளவு சுலபமாக அட்டையிலிருந்து எடுத்துவிட முடிகிறது என்று கோபப்பட்டவர்கள் நியாயமாகவே கோபப்பட்டார்கள். நானும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் எனக்கு இன்னொரு நினைப்பும் ஓடியது. வீடியோவில் வள்ளியம்மாள் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பார்க்கக் கண் நிறைகிறது. அவர் மலையில் என்ன பாட்டுக் கட்டினார், யாரைக் கிழித்தார், எந்த மெட்டில்? பேரன் அவரிடம் கேட்டிருப்பான். அதனால்தான் பாட்டே பிறந்தது. நம் வீடுகளில் எத்தனை பேரன்மார் கேட்டார்கள்?

பாட்டு பெண் வாயிலிருந்து நழுவிப்போகும் இந்தக் கதை எங்கள் மலைக்கு மட்டும் உரியதில்லை. இளைஞர்களின் ரொக் இசை என்று உலகம் கொண்டாடுவதன் வேரும் தோட்டக்காட்டில்தான் இருக்கிறது. அமெரிக்கத் தெற்கின் பருத்திக்காடு. கறுப்பின மக்களின் புளூஸ் இசைக்குச் சந்தை இருக்கிறது என்று 1920இல் இசைத்தட்டுக் கம்பெனிகளுக்குத் தெரியவைத்தது மேமி ஸ்மித் என்ற பெண்ணின் குரல். அர்க்கன்சாவில் பருத்தி பறிப்பவர்களின் மகளாகப் பிறந்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப், எல்விஸ் பிரஸ்லி கையில் கிற்றார் எடுப்பதற்கு முன்பே மின்கிற்றாரைக் கோயில் பாட்டுக்கு அதிரவிட்டவர். எல்விஸுக்கு 1956இல் பெரிய பேர் வாங்கித்தந்த 'ஹவுண்ட் டோக்', அதற்கு நாலு வருஷம் முன்னால் பிக் மாமா தோர்ண்டன் என்ற கறுப்பினப் பெண் பாடிப் பதிவானது. தோர்ண்டன் பாடும்போது அது உதவாக்கரை ஆம்பிளை ஒருவனை வாசலில் வைத்துத் திட்டும் பாட்டு. எல்விஸ் வாயில் அது நிஜமாகவே நாய்ப் பாட்டாகிவிட்டது. தார்ப்புக்கு ரொக் இசையின் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது 2018இல். அவர் செத்து நாற்பத்துநாலு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு அப்பாயியின் அண்டா ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன்.

எங்களைப் போலவே கூலிக்குக் கப்பலேறிய இந்தியச் சனம் ட்ரினிடாட்டில் இருக்கிறது. அவர்கள் போனது கரும்புக்கு. அங்கே கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் மட்டும் கூடி, ஆண்களை உள்ளே விடாமல், கூச்சமில்லாத பாட்டுப் பாடி ஆடும் மட்டிக்கோர் என்ற சடங்கு உண்டு. நம் சடங்கு வீட்டுக் கும்மிக்கு ஒன்றுவிட்ட சகோதரி. சட்னி என்று அவர்கள் சொல்லும் இசைக்கு ஊற்று அங்கேதான். 1987இல் ட்ருபதி ராம்கூணை என்ற இளம்பெண் அந்தச் சட்னியைக் கறுப்பினத்தவரின் சோக்கா தாளத்தோடு கலந்து கார்னிவல் மேடையில் பாடினாள். பெரியவர்கள் கொதித்துப்போனார்கள், இந்துப் பெண்ணின் மானம் போயிற்று என்று எழுதினார்கள். அவள் பாடிக்கொண்டே இருந்தாள். இன்று அந்தத் தீவு அவளைத் தன் சொத்து என்கிறது. அறைக்குள் அம்மாமார் பாடினால் மரபு, அதையே மகள் வெளியில் பாடினால் மானக்கேடு! அந்தப் பெரியவர்களுக்கும் எங்கள் கல்யாண வீட்டுப் பெரியவர்களுக்கும் நடுவில் கடல் ஒன்றுதான் வித்தியாசம்.

எங்களிடம் ஒரு ட்ருபதி இல்லை. திறமை இல்லாமல் இல்லை. 2023இல் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில், யாழ்ப்பாணத்து கில்மிஷா வென்றாளே, அதே சரிகமப பாட்டுப் போட்டிப் பருவத்தில் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒன்றும் பாடியது. மலையகம் வந்து இருநூறு வருஷம் என்று நாங்கள் நடைபயணம் போன அதே வருஷம். அந்தக் குழந்தை மேடையேறிய இரவுகளில் லயத்தில் பலகாரம்கூடச் செய்தார்கள். நான் மட்டும் ஓரமாய் ஒன்றை நினைத்துக்கொண்டேன். சினிமாப் பாட்டை அழகாகப் பாடும் பெண்பிள்ளைக்கு ஊரே கை தட்டும். அதே பிள்ளை நாளை தன் தோட்டத்தைப் பற்றித் தானே ஒரு பாட்டுக் கட்டினால் இதே ஊர் என்ன செய்யும்? பேஸ்புக்கில் கீழே என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். பையன்களுடைய வீடியோவுக்குக் கீழே "மாஸ் தம்பி" என்று எழுதும் அதே விரல்கள்தான்.

என் பழைய மாணவி ஒருத்தியின் மகள் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். போன தீபாவளிக்கு முன்னால் எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பினாள். பின்னால் இரவு பஸ்களின் இரைச்சல். அவளே கட்டிய ராப். கடையில் விடிந்ததிலிருந்து அடையும்வரை உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். அம்மா மலையில் நிற்கிறாள், நான் ஓடு பதித்த தரையில் நிற்கிறேன், சம்பளப் பட்டியலில்தான் இரண்டு பேரும் உட்காருகிறோம் என்று போகிறது. அவள் பாட்டில் அம்மா அழவில்லை. கங்காணியோடு வாய்க்குச் சரி வாய் நிற்கிறாள்.

"யாருக்கும் அனுப்பிறாதீங்க டீச்சர்" என்று கீழே எழுதியிருந்தாள்.

பக்கத்து லயத்துப் பையன் தாளம் போட்டுத் தருகிறேன் என்றான். அவளைச் சம்மதிக்கவைக்கப் பட்ட பாடு பெரிது. கடைசியில் ஒரு நிபந்தனை சொன்னாள்: பெயர் போடக் கூடாது, முகம் காட்டக் கூடாது, முடிந்தால் குரலை மாற்றிவிட வேண்டும். "ஆம்பளக் கொரலா மாத்திரவாக்கா?" என்று அவன் விளையாட்டுக்குக் கேட்டான். "மாத்து" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "மாத்துறதா இருந்தா பாடவே பாடாத" என்றேன். "நீங்க சொல்லுவீங்க டீச்சர். அண்ணன் கேட்டா நீங்களா பதில் சொல்லுவீங்க? மொதலாளி கேட்டா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. துணிந்து பாடு என்று ஓய்வூதியம் வாங்குகிறவள் சொல்வது எளிது. வேலை போனால் சோறு போடப்போவது நானில்லை.

ஆகவே வேறு ஒன்றைச் சொன்னேன். பொங்கலுக்கு வீட்டுக்கு வரும்போது முதலில் உன் அம்மாவுக்குப் பாடிக் காட்டு, மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று. அவளுக்கு அது இன்னும் பயம். ஆனாலும் பாடியிருக்கிறாள். அம்மாக்காரி அடுப்படியில் சிரட்டை உடைத்துக்கொண்டு, முதுகைத் திருப்பியபடியே முழுக்கக் கேட்டாளாம். முடிந்ததும், நல்லாருக்கு என்றும் சொல்லவில்லை, என்னடி இது என்றும் கேட்கவில்லை. "மழ நாள்ல கொழுந்து ஈரம்னு நிறுவயில கிலோ கழிக்கிறானே, அத ஏன் விட்டுட்ட?" என்று கேட்டிருக்கிறாள். கேட்டதோடு நில்லாமல், கங்காணியின் தொப்பையையும் சேர்த்து அங்கேயே ஓர் அடி கட்டியும் கொடுத்திருக்கிறாள்.

அந்த அடி தாளத்தில் உட்கார மாட்டேன் என்கிறதாம். நாலு எழுத்து அதிகம். தொப்பையை எடுத்துவிட்டால் சரியாக வரும் என்கிறான் பையன். தொப்பை போனால் பாட்டே வேண்டாம் என்கிறாளாம் அம்மாக்காரி. இரண்டு பேருக்கும் நடுவில் மகள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தொப்பை இருக்க வேண்டும் என்று நானும் சொல்லியனுப்பியிருக்கிறேன்.